தாத்தாவின் பழைய பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி என்ன விலைக்குப் போகும்?

உங்கள் தாத்தாவின் வின்செஸ்டர் கம்பெனித் துப்பாக்கியை (முன்பிடியைப் பின்னே இழுத்து முன்னே தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன் வகை) விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு ஓடுகிறது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்போதுதான் துப்பாக்கி ஞாபகம் வந்தது. விலையைக் கேட்கும் முன் ஒரு வார்த்தை: பளபளப்பாக்கி விடாதீர்கள். நான் அப்படிச் செய்து கெட்டேன்.

எங்களுக்குக் கானாடுகாத்தான் பக்கம். மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போய்த் திரும்பிய ஐயா (அப்பாவின் அப்பா) வாங்கியது வின்செஸ்டர் மாடல் 12, பன்னிரண்டு போர் (குழல் துளையின் அளவு). பிறகு அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) பெயரில் லைசென்ஸ் இருந்தது. அப்பச்சி காலமானதும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் சிவகங்கை கலெக்டர் அலுவலகத்தில் மனுப் போட்டேன். அண்ணனும் ஆச்சியும் (அக்கா) ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். கைக்கு வந்தபோது குழல் பழுப்பேறிக் கிடந்தது. பார்க்கப் பொறுக்காமல் லைசென்ஸ் உள்ள ஒரு ரிப்பேர்க் கடையில் கொடுத்தேன். குழலைத் தேய்த்து, புதிதாக ப்ளூயிங் (துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்கு ஏற்றும் கருநீலப் பூச்சு) போட்டு, கட்டைக்கு வார்னிஷ் அடித்துப் புதுமாப்பிள்ளை மாதிரி கொடுத்தார்கள். விற்கப் போன இடத்தில் டீலர் குழலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து எங்கண்ணே போச்சு?" என்றார். குழலில் பொறித்திருந்த எழுத்தெல்லாம் தேய்த்ததில் போய்விட்டது. முன்பு ஃபோட்டோவைப் பார்த்துச் சொன்ன விலையில் பாதிகூடத் தேறவில்லை.

இந்த மாடல் 1912-லிருந்து 1964 வரை ஏறக்குறைய இருபது லட்சம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் அபூர்வம் இல்லை. இங்கே வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980-களிலேயே நின்றுபோனதால்தான் மவுசு. அதனால் அங்கத்திய விலையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ரிசீவரின் (குழலுக்குப் பின்னால், தோட்டா ஏறும் இரும்புப் பெட்டிப் பகுதி) அடியில் ஓர் எண்ணும், அதை ஒட்டிக் குழல் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். எந்த வருஷத்தில் செய்தது என்பதையும் அந்த எண்ணை வைத்தே சொல்லிவிடலாம். மாடல் 12-க்கு முதலில் இருந்த பெயரான 'மாடல் 1912' என்று பொறித்திருந்தால் 1919-க்கு முந்தைய காலத்தது. குழலின் உள்ளே துருக்குழி இருக்கிறதா, கட்டையில் விரிசல் இருக்கிறதா, பழைய ப்ளூயிங் எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். இரண்டு டீலர்களிடமாவது காட்டுங்கள்.

லைசென்ஸ் உள்ள தனி ஆளுக்கு விற்பதானால் கலெக்டருக்கோ, பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் பொறுக்க வேண்டும். ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

ஐயா பொருளை விற்கலாமா என்று சிலர் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். நான் சென்னையில் இருக்கிறேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஊருக்கு ஓடிவந்து துப்பாக்கியை ஒப்படைத்து, மறுபடி வாங்கி வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள். அதுவும் சட்டப்படி, எல்லாரையும் கேட்டுத்தான் விற்றேன். எங்கள் பங்காளிகள் யாரைக் கேட்டார்கள்? அப்பத்தா சீராகக் கொண்டுவந்த எனாமல் அடுக்குகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே எடுத்துக்கொண்டிருப்பேன். அதில் ஒரு தூக்குச்சட்டியைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழம்பொருள் கடையில் பார்த்தேன். மூடியில் அப்பத்தாவின் இனிஷியல் அப்படியே இருந்தது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன்.