எஸ்இஓவை மாரத்தான் ஓட்டத்தோடு ஒப்பிடுவது சரியா?

எஸ்இஓ என்றால் கூகுள் போன்ற தேடுபொறிகளில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் வேலை. அதை மாரத்தானோடு ஒப்பிடலாம். ஆனால் பந்தயம் நடக்கிற அந்த ஒரு நாளோடு இல்லை, அதற்கு முன்னால் மாதக்கணக்கில் நடக்கிற பயிற்சியோடு ஒப்பிட்டால்தான் பொருந்தும். தேடுபொறி வேலைதான் என் பிழைப்பு, நீண்ட தூரம் ஓடுவதும் பழக்கம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பந்தயத்தில் 42.195 கிலோமீட்டர் முடிந்ததும் ஒரு கோடு வரும், தாண்டினால் உட்கார்ந்துவிடலாம். கூகுளில் முதல் இடத்துக்கு வந்தவருக்கு அப்படி ஒரு கோடே கிடையாது.

பயிற்சியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தூர ஓட்டக்காரர்கள் வாரத்தின் பெரும்பகுதி மெதுவாகத்தான் ஓடுவார்கள், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடலாம், அந்த அளவு மெதுவாக. அந்த ஓட்டத்தில்தான் தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன, மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது. இதெல்லாம் ஓடி முடிக்கும் நேரத்தில் உடனே தெரியாது. பல பேருக்கு முதலில் தெரிவது, அதே வேகத்தில் ஓடும்போது இதயத்துடிப்பு முன்பைவிடக் குறைந்திருப்பது.

எஸ்இஓவில் அதற்கு நேரானது இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவுகளில் உங்கள் பக்கம் எத்தனை முறை தோன்றியது என்ற கணக்கு. தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்தால் கிளிக் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்திலேயே கிடக்கும், ஆனால் இம்ப்ரெஷன் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும், உங்களுக்கு முக்கியமான ஒரு தேடலை மட்டும் பிரித்துப் பார்த்தால் 60ஆவது இடத்தில் இருந்த பக்கம் 35க்கு வந்து, அப்புறம் 18இல் நிற்கும். (தளம் முழுவதற்குமான சராசரி இடத்தை நம்பாதீர்கள், புதிய தேடல்களில் பக்கங்கள் தலைகாட்ட ஆரம்பித்தாலே அது கெட்டுப்போனது போலத் தெரியும்.) 18ஆவது இடத்துக்குப் பெரும்பாலும் யாரும் வருவதில்லை, அதனால் கிளிக்கை மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காதது போல இருக்கிறது. நல்ல தளங்கள் கைவிடப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

எவ்வளவு நாள் ஆகும்? பெரும்பாலான நேரங்களில் 4 மாதத்தில் இருந்து 1 வருடம் என்று 2017இல் கூகுள் வெளியிட்ட ஒரு வீடியோவிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் இந்த மாரத்தான் பேச்சைக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் ஜாக்கிரதை. மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு, கேட்டால் "பொறுமையா இருங்க, இது மாரத்தான்" என்பார்கள். ரிசல்ட் வர நாளாகும், சரி, வேலை நடந்ததற்கான தடயம் வர நாளாகாது: எந்தப் பக்கங்களை மாற்றினீர்கள், எவை இண்டெக்ஸ் ஆகியிருக்கின்றன (கூகுளின் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன), எந்தத் தேடல்களில் இம்ப்ரெஷன் வருகிறது என்று மூன்றாவது மாதம் கேட்டால் பதில் வந்தாக வேண்டும். தவிர, எல்லாமே மெதுவாக நடப்பதும் இல்லை. ஒரு முக்கியமான பக்கத்தில் யாரோ நோஇண்டெக்ஸை (இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்லும் குறியீட்டை) எடுக்க மறந்திருந்தால், அதை எடுத்துவிட்டு கூகுளை மறுபடி பார்க்கச் சொன்னால் சில நாட்களிலேயே பக்கம் தேடலில் வந்துவிடலாம்.

அவசரப்பட்டால் அடிபடுவது இரண்டிலும் ஒன்றுதான். ஓடும் தூரத்தைத் திடீரென்று கூட்டினால் முழங்காலோ கணுக்காலோ போய்விடும். மற்ற தளங்களில் இருந்து தங்கள் தளத்துக்கு லிங்க்கைக் காசு கொடுத்து வாங்கிக் குவித்தவர்களை 2012இல் கூகுள் கொண்டுவந்த பென்குயின் அப்டேட் அடித்தது, பயனே இல்லாத பக்கங்களை ஆயிரக்கணக்கில் கொட்டுவதை 2024 மார்ச்சில் கூகுளின் ஸ்பேம் விதிகளில் தனியாகவே சேர்த்துவிட்டார்கள், அதை ஆள் எழுதினாலும் ஏஐ எழுதினாலும் ஒன்றுதான்.

ஒப்பீடு உடைகிற இடங்களும் உண்டு. ஓட்டத்தை நிறுத்தினால் சில வாரங்களிலேயே மூச்சு வாங்கும், உடம்பே சொல்லிவிடும். எஸ்இஓவை நிறுத்தினால் டிராஃபிக் மாதக்கணக்கில் அப்படியே வந்துகொண்டிருக்கும், அதனால் "விட்டாலும் ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும், பின்னால் இருந்தவர்கள் முந்திப்போன பிறகுதான் கிராஃப் சரியத் தொடங்கும். அப்புறம், மாரத்தான் தூரம் 1921இல் நிர்ணயித்தது, இன்றுவரை மாறவில்லை. இங்கே பாதையே மாறுகிறது. 2024இல் ஏஐ ஓவர்வியூ (தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ எழுதிக் காட்டும் சுருக்கமான பதில்) வந்த பிறகு, முதல் இடத்தில் இருந்தும் கிளிக் குறைந்துபோனவர்கள் நிறைய பேர், அவர்கள் மெதுவாக ஓடியதால் அப்படி ஆகவில்லை.

கூகுள் தன் தேடல் முறையைப் பெரிய அளவில் மாற்றும் கோர் அப்டேட், வருடத்துக்குச் சில முறை வருவது, அதுவும் இந்த வகைதான். அது நடந்துகொண்டிருக்கும்போது எதையும் மாற்றாதீர்கள். முடிந்து ஒரு முழு வாரம் போகட்டும், அதன் பிறகு அந்த வாரத்தை அப்டேட் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும், பழையது வேண்டும் என்றால் இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.