எஞ்சினைத் திறக்க முதல் கடிதம் போகட்டும்

பொத்துவிலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அறுகம்பேக்கு வரும் சுற்றுலாக்காரரை ஏற்றி இறக்கவும் படகு இழுக்கவும், வலப்பக்க ஸ்டியரிங்குக்கு மாற்றிய எட்டுச் சிலிண்டர் பெற்றோல் பிக்கப் ஒன்றைக் கல்முனைப் பக்கம் வாகனம் விற்கும் ஒருவரிடம் வாங்கினாராம். பில்லில் 'எஞ்சின், கியர் 3 மாத உத்தரவாதம்' என்று கையால் எழுதிக் கையொப்பமும் இருக்கிறது. ஒன்பதாம் நாளே எஞ்சின் இடைக்கிடை மிஸ் அடிக்க, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமல் உதறத் தொடங்கியிருக்கிறது, செக் எஞ்சின் லைட் மினுங்குவதும் பிறகு அணைவதுமாக. விற்றவரிடம் கொண்டுபோய் விட, அவர்கள் படகைக் கொழுவி ஓடிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, பெற்றோல்தான் சரியில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். சொந்தச் செலவில் பிளக்கும் கொயிலும் மாற்றியும் நிற்கவில்லை. இப்போது பத்து வாரம் முடிந்துவிட்டது, கராஜில் வண்டி திருத்தும் பாஸ் எஞ்சினைத் திறக்கவேண்டும் என்கிறார், அந்தச் செலவை விற்றவரிடம் வாங்கலாமா என்பது கேள்வி.

வாங்கலாம் தம்பி, ஆனால் இன்றைக்கு எஞ்சினைத் திறக்காதீர்கள். உங்கள் வழக்கின் முழுச் சாட்சியும் அந்த எஞ்சினுக்குள் இருக்கிறது. விற்றவருக்கு அறிவிக்காமல் நீங்கள் கழற்றிவிட்டால் 'எங்கள் வண்டி நல்லாத்தான் இருந்தது, கழற்றின இடத்தில் கெடுத்துவிட்டார்கள்' என்று அவர் ஒரு வரியில் முடித்துவிடுவார், அதற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்வது பெரும் பாடு.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. படகு கொழுவி இழுக்கும்போது மிஸ் இல்லை, வெறும் வண்டியாக அக்கரைப்பற்றில் இருந்து பொத்துவிலுக்கு ஏ4 வீதியில் சீரான வேகத்தில் வரும்போதுதான் உதறுகிறது என்கிறீர்கள். பாரம் குறைந்த நேரம் எட்டில் நான்கு சிலிண்டரை எஞ்சினே மூடிவைத்து எரிபொருள் மிச்சம் பிடிக்கும் வகை இது. உங்கள் கையேட்டில் மூடப்படுபவை 1, 4, 6, 7 என்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்கு சிலிண்டரின் வால்வுகளைத் தள்ளும் லிப்டர்கள் தனி வகை, கட்டுப்பாட்டு வால்வு ஒன்று ஒயில் அழுத்தத்தைத் திருப்பிவிட, லிப்டருக்குள் இருக்கும் பூட்டு விடுபட்டு வால்வு அசையாமல் நிற்கும், அழுத்தம் போனதும் பூட்டு திரும்பவும் விழவேண்டும். அது சிக்கினால், அல்லது ஒயில் அழுத்தம் சரியாக வராவிட்டால், சிலிண்டர் திரும்பி வேலைக்கு வரும் நேரத்தில் மிஸ் அடிக்கும். பாரம் இழுக்கும்போது எட்டும் வேலை செய்வதால் மூடித் திறக்கும் வேலையே இல்லை. ஆகவே படகைக் கொழுவி அவர்கள் செய்த சோதனை, குறை வெளியே வரமுடியாத நிலைமையில் செய்த சோதனை. இந்த ஒரு விஷயத்தைக் கடிதத்தில் தெளிவாக எழுதவேண்டும், ஏனென்றால் அவர்களுடைய மறுப்பு முழுக்க அந்தச் சோதனையில்தான் நிற்கிறது.

ஆனால் நான் சட்டத்தரணி, பாஸ் இல்லை. லிப்டர்தான் என்று நான் சொன்னால் அது செல்லாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு நிபுணரின் கருத்தை ஏற்கும், அதனால் தகுதியுள்ள ஒரு வாகனப் பொறியியலாளரின் எழுத்து அறிக்கை வேண்டும். ஸ்கேன் போட்டு எந்தச் சிலிண்டர் எத்தனை தடவை மிஸ் அடித்தது என்ற எண்ணிக்கையை ஓட்டத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேனில் வரும் பிழைக் கோட் பீ0300 என்றால் சிலிண்டர் குறிக்காத மிஸ், பீ0301 இல் இருந்து பீ0308 வரை அந்தந்தச் சிலிண்டரின் இலக்கம். மூடப்படும் நான்கில் ஒன்றிலேயே திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு எடை அதிகம். கொம்பிரஷனும், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு பிடிக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை, பிளக்கைக் கழற்றினால் போதும். கையால் கியரைக் குறைத்துப் பிடித்து, அல்லது சிலிண்டர் மூடுவதைத் தடுக்கும் சின்னக் கருவியைச் செருகி, அதே வீதியில் ஓடி மிஸ் நின்றால் அதுவும் பெரிய தடயம். ஆனால் அந்தக் கருவியை அப்படியே விட்டுவிடாதீர்கள், வண்டியை மாற்றியமைத்துவிட்டீர்கள் என்பார்கள்.

இன்னொன்று, மிகவும் கவனமாக இருங்கள். அந்தப் பிழைக் கோட்டுகளை அழிக்க யாரையும் விடாதீர்கள், பற்றரி வயரையும் கழற்ற விடாதீர்கள். கோட் விழுந்த நேரத்தில் இருந்த வேகம், சுழற்சி, பாரம், எஞ்சின் சூடு எல்லாவற்றையும் வண்டியின் கணினி ஒரு பதிவாக வைத்திருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். நல்ல எண்ணத்தில் லைட்டை அணைத்துத் தரும் பாஸ்மார் எத்தனையோ பேரின் சாட்சியத்தை அழித்திருக்கிறார்கள், எனக்கு இது பெரிய கவலை.

சட்டத்துக்கு வருவோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவில், கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றால் முறைப்பாடு செய்யலாம், விசாரித்த பின் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளை போட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. முறைப்பாடு எழுத்தில், விற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். உங்களுக்கு மூன்று வாரமும் இல்லை. தொழிலுக்கு வாங்கினது என்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கு மனம் தளரவேண்டாம், அந்தச் சட்டம் விலை கொடுத்த பொருளைப் பாவிப்பவரையே நுகர்வோர் என்கிறது. முறைப்பாட்டை அதிகார சபையின் அம்பாறை மாவட்ட அலுவலகத்தில் நேரே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். விபரம் கேட்க அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடிக்கலாம், ஆனால் அடித்ததோடு நின்றுவிடாதீர்கள்.

அதே நேரம் விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம். குறை என்ன, எப்போது வருகிறது, எப்போது முதன்முதல் சொன்னீர்கள், இந்த நாள் இந்த நேரம் இந்த இடத்தில் பொறியியலாளர் பார்க்கப்போகிறார், நீங்களும் உங்கள் ஆளோடு வாருங்கள், வராவிட்டால் உங்கள் செலவிலும் பொறுப்பிலும் திறக்கப்படும் என்று எழுதுங்கள். பத்து நாள் அவகாசம் போதும், அதற்குள் திறக்கவேண்டாம்.

இப்போது உங்களுக்குக் கசக்கக்கூடிய பகுதி. ஆறாம் வாரத்தில் அக்கரைப்பற்றில் ஒயில் மாற்றி, கையேட்டில் சொன்னதை விடத் தடித்த ஒயில் ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வகை லிப்டர் ஒயிலை நம்பி வேலை செய்வது, ஆகவே எதிர்த்தரப்பு இதைத்தான் பிடிக்கும். உங்களைக் காப்பாற்றுவது ஒன்பதாம் நாள் நீங்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ. குறை ஒயிலுக்கு முந்தியது என்று அது சொல்கிறது. போனை மாற்றவோ போர்மட் பண்ணவோ வேண்டாம், வீடியோவையும் அதற்கு அவர் போட்ட பதிலையும் அழியாமல் வையுங்கள். இப்படியான பதிவை வழக்கில் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு, அதற்கான நடைமுறையை உங்கள் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார். ஒயில் பில்லை மறைக்காதீர்கள். பிறகு வெளிவந்தால் மற்ற எல்லாவற்றையும் நம்பமாட்டார்கள்.

வண்டியைத் திருப்பிக்கொடுத்து முழுப் பணத்தையும் கேட்பது பற்றி: பத்து வாரம் ஓடி, படகும் இழுத்திருக்கிறீர்கள். பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி நியாயமான காலத்துக்கு மேல் மறுக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே எடுப்பார்கள், அப்புறம் நட்டஈடுதான். ஆகவே திருத்தச் செலவையும், மாற்றிய பிளக், கொயில் விலையையும் கேளுங்கள். பருவத்தில் வண்டி நின்ற நாட்களின் வருமானத்தைக் கேட்க வேண்டுமென்றால் எதற்காக வாங்கினீர்கள் என்பது விற்றவருக்குத் தெரிந்திருக்கவேண்டும், படகு இழுக்க என்று முதலில் கேட்ட மெசேஜ் இருந்தால் அதைப் பாருங்கள்.

மினுங்கும் லைட்டோடு ஓடாதீர்கள். எரியாத பெற்றோல் போய்ப் புகைக் குழாயில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டுவிடும், நட்டத்தைக் கூட்டியது நீங்கள்தான் என்று அந்தப் பகுதியைக் கழித்துவிடுவார்கள். வண்டியை லீசிங்கில் எடுத்திருந்தால் தவணையையும் நிறுத்தவேண்டாம் தம்பி. விற்றவரோடு உள்ள தகராறு லீசிங் கம்பனியைக் கட்டுப்படுத்தும் என்று நினைத்துத் தவணையை விட்டால் வண்டியையே தூக்கிவிடுவார்கள், அதோடு எஞ்சினும் சாட்சியமும் போய்விடும்.

ஒருவேளை வழக்குக்குப் போகவேண்டி வந்தால், ஒப்பந்தம் செய்த இடம் கல்முனை என்பதால் கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம், எழுத்து ஒப்பந்தம் மீறியதற்கு ஆறு வருடம் வரை காலம் உண்டு. தொகையைப் பொறுத்து முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டியும் வரலாம். ஆனால் அதிகார சபையின் மூன்று மாதம் அதற்காகக் காத்திருக்காது, ஆகவே இந்தத் திங்கட்கிழமையே பில்லின் பிரதி, வீடியோ, ஸ்கேன் தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு அம்பாறைக்குப் போங்கள், பதிவுத் தபாலையும் அன்றே போட்டுவிடுங்கள்.