வீடியோ ரசிக்கிறார்கள், பரீட்சையில் எழுதவில்லையே!

கேள்வி: முதலாண்டு உளவியல் வகுப்பில் யூடியூப் துணுக்குகள் போடுகிறேன். கைதட்டி ரசிக்கும் பிள்ளைகள் தேர்வில் வெற்றுத்தாள் கொடுக்கிறார்கள். எங்கே பிசகு?
- கல்லூரி ஆசிரியை, திருமங்கலம்

பதில்: போடுவதற்கு முன் கேள்வி கொடுக்காததுதான் பிசகு. ஐந்து நிமிடத்துக்குள் முடியும் துணுக்கு போதும். முக்கிய இடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம்தான் மிச்சம். தன் கணிப்பு தப்பானால் அது மறக்காது.

1999-இல் உளவியலாளர்கள் சைமன்ஸ், சாப்ரிஸ் வெளியிட்ட சோதனையில், பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று வீடியோ பார்த்து எண்ணச் சொன்னார்கள்; நடுவே வந்த கொரில்லா வேடக்காரரைப் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை. வகுப்பில் இது சொதப்புவது பெரும்பாலும் தலைப்பால்தான்: திரையில் 'கொரில்லா' என்று தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. முழுத்திரையில் நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு புரொஜெக்டரைப் போடுங்கள். ஏற்கெனவே பார்த்தவர்களை எழுப்பி, மற்றவர்களின் முகத்தைக் கவனிக்கும் வேலை கொடுங்கள், வாயும் அடைபடும்.

பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்தால் குழந்தையும் அடிக்குமா என்று ஆராய்ந்த, உளவியலாளர் பண்டூராவின் 1961 பொம்மைச் சோதனையில் வேறு சிக்கல். துணுக்கில் பொம்மையை அடிக்கும் குழந்தைகள்தான் கண்ணில் படுவார்கள். 72 குழந்தைகளில் 24 பேர்தான் அடிக்கும் பெரியவரைப் பார்த்தார்கள், 24 பேர் அமைதியான பெரியவரைப் பார்த்தார்கள், 24 பேர் யாரையுமே பார்க்கவில்லை. இதைக் கரும்பலகையில் எழுதாமல் விட்டால், "பார்த்தால் எல்லாரும் அடிப்பார்கள்" என்றுதான் விடைத்தாளில் வரும்.

தானியங்கித் தமிழ் வசனவரியை நம்பாதீர்கள், கலைச்சொற்களைக் கடித்துக் குதறிவிடும். ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள்.