அகச்சிவப்பு, புற ஊதா மலைப் படங்களை போட்டோஷாப்பிலேயே செய்துவிட முடியாதா?

முடியாது. சாதாரண மலைப் படத்தில் இலைகளை வெள்ளையாக்கி, வானத்தைக் கறுப்பாக்கினால் போதாதா, கேமராவை மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கோ ஓர் அகச்சிவப்புப் படம் பார்த்து ஆசை வந்து, கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தடுக்கச் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டரைக் கழற்ற வேண்டும் என்றதும் தயங்குகிறீர்கள் என நினைக்கிறேன். தயக்கம் நியாயமானதுதான். ஆனால் இதே கேள்வியைக் குற்றச்சாட்டாகப் பலமுறை கேட்டவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு மலைச்சரிவு, அதன் அடியில் ஓர் ஏரி. கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சை. 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும் ஃபில்டரைப் போட்டு எடுத்தேன். சரிவு முழுக்க வெளுத்துவிட்டது, ஏரி கன்னங்கரேலென்று இருந்தது. இலையின் உள்ளே இருக்கும் செல்களும் காற்று இடைவெளிகளும் அகச்சிவப்பைச் சிதறடித்து வெளியே அனுப்பிவிடுகின்றன. தண்ணீர் அதை விழுங்கிவிடுகிறது. போட்டோஷாப்பில் பச்சையை வெளுக்க வைத்தால் ஏரியும் சேர்ந்து வெளுக்கும். மாஸ்க் போட்டு, அதாவது ஏரியை மட்டும் மறைத்து வைத்துப் பிரிக்கலாமே என்பீர்கள். சரி, எது வெளுக்கும், எது கறுக்கும் என்று உங்களுக்கு முதலில் யார் சொல்வது?

அதே படத்தில், கண்ணுக்கு வெறும் நீலப் புகையாகத் தெரிந்த தொலைதூர முகட்டில் பாறை மடிப்புகள் வரை வந்திருந்தன. காற்று மூலக்கூறுகள் 400 நானோமீட்டர் ஊதா ஒளியைச் சிதறடிப்பதில் 16-இல் ஒரு பங்குதான் 800 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைச் சிதறடிக்கும். புகைமூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ் ஸ்லைடர் பதிவானதைத்தான் தூக்கிக் காட்டும், பதிவாகாததைக் கொண்டுவராது. உடனே யாராவது மறுக்க வருவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: அகச்சிவப்பு மூடுபனியைத் துளைக்கும் என்று நான் சொல்லவில்லை. மூடுபனியின் நீர்த்துளிகள் பெரியவை, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

அப்புறம் டிரைபாடை நகர்த்தாமல் புற ஊதா ஃபில்டருக்கு மாறினேன். தொலைதூர முகடு காணாமலே போனது. பக்கத்து முகடு பால்வெள்ளைத் திரைக்குப் பின்னால் நின்றது. வானமே நாலாபுறமும் ஒளி வீசுவதால் நிழல்கள்கூட வெளிறியிருந்தன. இதைத் தோற்றுப்போன படம் என்கிறார்கள். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த படம். மலைக்கும் நமக்கும் நடுவே இருக்கும் காற்று இதில்தான் தெரிகிறது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1910-லேயே இரண்டு ஒளியிலும் எடுத்த நிலக்காட்சிகளை வெளியிட்டார். அப்போது போட்டோஷாப் ஏது?

அந்த ஏரிப் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினேன். ‘செயற்கையாக மாற்றப்பட்டது’ என்று தள்ளிவிட்டார்கள். கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா ஃபைலையும் அனுப்பினேன். பதிலே இல்லை. கறுப்பு வெள்ளைக்குத் தனிப்பிரிவு வைத்திருந்த போட்டி அது. நிறம் மொத்தத்தையும் எடுத்துவிட்டால் இயற்கை, கண்ணுக்கு எட்டாத ஒளியை உள்ளபடி பதிந்தால் மோசடியா? நான் மென்பொருளைத் தொடுவதே இல்லை என்று சொல்லவில்லை. ஒயிட் பேலன்ஸ் திருத்துவேன், சில படங்களில் சிவப்பு, நீலச் சேனல்களை இடம் மாற்றுவேன். அதை மறைத்ததும் கிடையாது. இன்னொன்று, என் படங்களைப் பெயரில்லாமல் எடுத்து வால்பேப்பராகப் பகிர்பவர்களுக்கு இந்த உண்மை, பொய் சந்தேகம் எதுவும் வருவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்துங்கள். திரையில் அதன் விளக்கு மின்னினால் கொஞ்சம் அகச்சிவப்பு உள்ளே வருகிறது. 720 ஃபில்டரும் டிரைபாடும் இருந்தால், நீண்ட எக்ஸ்போஷரில் கேமராவைப் பிரிக்காமலே தொடங்கலாம். காற்றில் இலைகள் கலங்கலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். புற ஊதாவுக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. சென்சார் ஃபில்டரைக் கழற்றியாக வேண்டும், பல அடுக்குப் பூச்சுள்ள இன்றைய லென்ஸ்கள் பெரும்பாலும் அந்த ஒளியைத் தடுத்துவிடும். கண்ணாடித் துண்டுகள் குறைந்த பழைய எளிய லென்ஸ் தேடுங்கள். உங்கள் புற ஊதா ஃபில்டர் அகச்சிவப்பைக் கசியவிடுகிறதா என்றும் பாருங்கள். கசிந்தால் நீங்கள் எடுப்பது புற ஊதாப் படமே இல்லை. கேமராவை நீங்களாகப் பிரிக்காதீர்கள், ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். கறுப்பாகத் தெரிகிறதே என்று இந்த ஃபில்டர்கள் வழியாகச் சூரியனையும் பார்க்காதீர்கள்.