அம்மாவுக்கு எந்த நாற்காலி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு அடுத்த மாதம் 75 வயது நிறைகிறது. உயரமான கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில், காட்சிக்குப் பெயர்பெற்ற உணவகத்துக்கு அவரை அழைத்துச் செல்லப் பிள்ளைகள் மூவரும் முடிவு செய்திருக்கிறோம். மொத்தம் பதினோரு பேர். இவ்வளவு செலவு செய்து போகும் மாலை வீணாகாமல் இருக்க எதையெல்லாம் முன்கூட்டியே கவனிக்க வேண்டும்?

பதில்: அம்மா உட்காரப்போகும் நாற்காலியை முதலில் தீர்மானியுங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் தந்தையின் 80ஆவது பிறந்தநாளுக்கு இப்படியோர் இடத்துக்குப் போயிருந்தோம். வீட்டுக்குப் பெரியவர் என்ற மரியாதையில் அவரை நீண்ட மேசையின் நடுவில் உட்காரவைத்தோம். அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியபோது, எதிர்வரிசையில் இருந்த நாங்கள் "அதோ, அங்கே" என்று கை நீட்டிக்கொண்டே இருந்தோம். அவர் ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திருப்பப் பார்த்து, முடியாமல், எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டின் பாதியில் என் மகள்தான் எழுந்து, "தாத்தா, நீங்க என் இடத்துக்கு வாங்க" என்றாள். அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது; கண்ணாடியில் எங்கள் மேசைதான் தெரிந்தது. அந்த மாலையை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

ஜன்னலோர மேசைகள் பெரும்பாலும் இருவருக்கோ நால்வருக்கோ போடப்பட்டவை. பதினோரு பேர் என்றதும் உள்பக்கமுள்ள பெரிய மேசையை ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே முன்பதிவு செய்யும்போது, "ஜன்னலோர இடம் கிடைக்குமா?" என்று பொதுவாகக் கேட்காமல், "எத்தனை நாற்காலிகள் ஜன்னலை நோக்கி இருக்கும்?" என்று கேளுங்கள், கிடைத்த பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு மேசைகளாகப் பிரிந்து உட்காரச் சம்மதித்தால் நல்ல இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பேரப்பிள்ளைகள் முறை வைத்து அம்மாவின் பக்கத்தில் வந்து அமரலாம்.

நேரத்தையும் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சூரியன் மறையும் நேரம் நிமிடக் கணக்கில் முன்னரே தெரியும் என்பதால், அதற்கு முக்கால் மணி நேரம் முன்பாகவே போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஜன்னல் மேற்கே பார்த்திருந்தால் தாழ்ந்த வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்; கண்புரை உள்ளவர்களுக்கு அந்தக் கூச்சம் பெரிய தொல்லை. திரையைச் சற்று இறக்கச் சொல்லுங்கள், அல்லது அம்மாவை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவையுங்கள். சூரியன் மறைந்த பிறகு வானத்தில் ஒளியும் கீழே விளக்குகளும் சேர்ந்து தெரியும் வேளைதான் காட்சியின் உச்சம். பூமத்தியரேகைக்கு அருகில் அது இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். அங்கிருந்து விலகிப் போகப் போக நீளும். பிறகு வெளியே இருள், உள்ளே வெளிச்சம் என்றாகிக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறிவிடும். மேசைக்கு மேலுள்ள விளக்கைக் குறைக்கச் சொல்லி, மெழுகுவர்த்தியை ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தால் ஓரளவு வெளியே தெரியும். அம்மாவைத் தனியாகப் படம் எடுப்பதானால், இருட்டுவதற்கு முன்பே, வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலை நோக்கி நிற்கவைத்து எடுங்கள். ஜன்னல் பின்னணியாக இருந்தால் முகம் கறுத்துப்போகும்.

கண்ணாடிச் சுவரும் கல் தரையும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புபவை. காது கேட்கும் கருவி அணிந்தவருக்கு அங்கே எல்லாப் பேச்சும் ஒரே இரைச்சலாகக் கேட்கும். ஒலிபெருக்கியிலிருந்தும் சமையலறைக் கதவிலிருந்தும் தள்ளி, முதுகுக்குப் பின்னால் சுவர் உள்ள மூலை மேசையாக இருந்தால் நல்லது. வரிசையாகப் பல உணவுகள் பரிமாறப்படும் விருந்துக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகலாம். அம்மா உணவுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவரானால், தட்டு எப்போது வரும் என்று தெரியாமல் ஊசி போடக் கூடாது. பரிமாறுபவரிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் இதைத் தொந்தரவாக நினைப்பதில்லை.

கேள்வி: என் கணவரின் பிறந்தநாளைச் சுழலும் உணவகத்தில் கொண்டாட நினைக்கிறோம். கூட வரும் மாமியாருக்குத் தலைசுற்றல் உண்டு. போகலாமா?

பதில்: அவர் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நீங்கள் நினைப்பதைவிட அது மிக மெதுவாகச் சுழலும் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும். ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரக் கோபுரத்தில் 1959-லும், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய கோபுரத்தில் 1962-லும் இத்தகைய உணவகங்கள் திறக்கப்பட்டன. கனடாவின் டொரன்டோ நகரில் சி.என். கோபுரத்தில் 351 மீட்டர் உயரத்தில் உள்ள உணவகம் ஒரு சுற்று முடிக்க 72 நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. அதாவது நிமிடத்துக்கு 5 பாகை. உட்கார்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் அசைவே தெரியாது. சுழலும் தளத்தில் கால் வைக்கும் இடத்தில் மட்டும் மாமியாரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக இங்கே சுழல்வது மேசைகள் இருக்கும் வளையம் மட்டுமே. ஜன்னலும் அதன் திண்டும் நடுப்பகுதியும் அசையாமல் நிற்கும். கைப்பையை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், கால் மணி நேரத்தில் அது வேறு மேசைக்காரர்களின் பக்கத்தில் இருக்கும். கழிவறைக்குப் போய்த் திரும்புபவர் தம் மேசையை விட்ட இடத்தில் காணாமல் திகைப்பார். வயதானவர்கள் இதில் உண்மையிலேயே பதறிவிடுகிறார்கள், ஆகவே யாராவது உடன் போய் வாருங்கள். இன்னொன்றும் உண்டு: சூரியன் மறையும் தருணத்தில் உங்கள் மேசை கிழக்கே பார்த்திருக்கலாம். அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் எல்லாத் திசையும் எல்லோருக்கும் ஒருமுறை வந்துவிடுகிறது என்பதால், பெரிய குடும்பத்துக்கு நான் இதையே அதிகம் விரும்புவேன்.

கேள்வி: "சாப்பாட்டுக்கு இவ்வளவு பணமா?" என்று அப்பா கோபப்படுகிறார். விலையை மறைத்து அழைத்துப் போகலாமா?

பதில்: கேட்டால் பொய் சொல்லாதீர்கள், கேட்காதபோது விலையைக் கண்ணில் காட்டவும் வேண்டாம். விருந்தினருக்கு விலை அச்சிடாத மெனுவைக் கொடுக்கும் வழக்கம் சில உயர்தர உணவகங்களில் உண்டு. முன்பதிவின்போதே அதைக் கேளுங்கள். உணவுகளை முன்னதாகவே தேர்ந்தெடுத்துச் சொல்லிவிட்டு, போனவுடன் வரவேற்பில் உங்கள் கார்டைக் கொடுத்து, பில் மேசைக்கு வரக் கூடாது என்றும் சொல்லிவைக்கலாம்.

ஆனால் அப்பாவின் கோபம் பணத்தைப் பற்றியது மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். என்ன உடுத்துவது, தெரியாத பெயருள்ள உணவை எப்படிக் கேட்பது, பேரன் முன்னால் தடுமாறிவிடுவோமோ என்ற தயக்கம் பல பெரியவர்களிடம் செலவைப் பற்றிய பேச்சாகத்தான் வெளியே வருகிறது. மெனுவை முன்பே வாங்கி, பெரிய எழுத்தில் அச்செடுத்து, வீட்டில் அவரோடு உட்கார்ந்து படித்தால் பாதிக் கூச்சம் போய்விடும். மதிய உணவுக்குப் போவதும் நல்ல வழி: பல இடங்களில் மதிய விலை இரவு விலையைவிடக் குறைவு, காட்சி அதேதான், வெளிச்சமும் இருக்கும். இதற்குப் பிறகும் அவர் வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னால், விட்டுவிடுங்கள். திடீர் மகிழ்ச்சி கொடுப்பதாக எண்ணி, சொல்லாமல் காரில் ஏற்றிக்கொண்டு போவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: கேக்கை நாமே கொண்டுபோகலாமா?

பதில்: முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். வெட்டிப் பரிமாறுவதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு. உயரமான கட்டடங்களில் மெழுகுவர்த்திக்கும் பட்டாசுத்திரிக்கும் தடை இருக்கலாம்.

கேள்வி: அம்மாவின் பிறந்தநாளுக்கு அண்ணன் மிக விலை உயர்ந்த உணவகத்தை முடிவு செய்து, செலவை மூவரும் சமமாகப் பகிர்வோம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். என் வருமானம் அவருடையதில் பாதிகூட இல்லை. மறுத்தால் அம்மாவுக்காகச் செலவு செய்ய மனமில்லை என்று ஆகிவிடுமோ என்று பயப்படுகிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனமில்லாதவர் இப்படி எழுதமாட்டார். குழுவில் ஒரு வரியும் எழுதாமல், அண்ணனோடு தனியாகப் பேசுங்கள். "எனக்கு வசதி இல்லை" என்று பொதுவாகச் சொன்னால் அவர் சமாதானம்தான் சொல்வார். "அண்ணா, என்னால் இவ்வளவு தர முடியும்" என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள். அதற்கு முன், உண்மையான மொத்தத் தொகை என்ன என்று அவரிடம் கேளுங்கள். மெனுவில் உள்ள விலையோடு வரியும் சேவைக் கட்டணமும் பானங்களும் சேரும்போது, முதலில் பேசிய கணக்கு பல வீடுகளில் உடைந்துபோகிறது. சில இடங்களில் மேசைக்கு இவ்வளவு என்று குறைந்தபட்சத் தொகையும் உண்டு. ஏற்பாடு செய்கிறவர் இந்த முழுக் கணக்கையும் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டும். இதைப் படிக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்: சமமாகப் பகிர்வது எப்போதும் நியாயமாகப் பகிர்வது ஆகிவிடாது.

அண்ணன் பெரிய பங்கை ஏற்றுக்கொண்டால் அதைக் கடனாக மனத்தில் சுமக்காதீர்கள். அம்மாவை அழைத்து வந்து பத்திரமாக வீட்டில் சேர்ப்பது, முன்பதிவு செய்த மேசையை ஒரு நாள் முன்னதாக நேரில் போய்ப் பார்ப்பது, அன்றைய படங்களை அச்சிட்டு ஆல்பமாக்கிக் கொடுப்பது ஆகியவற்றை உங்கள் பொறுப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சம்மதிக்கவில்லை என்றால், வேறு இடம் பார்க்கலாம் என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஆனால் எதையும் நாளைக்குத் தள்ளாதீர்கள். பெரிய குழுவுக்கு முன்பணம் வாங்கும் உணவகங்கள், ஆள் எண்ணிக்கையைக் குறைக்கவும் ரத்து செய்யவும் ஒரு கடைசி நாள் வைத்திருக்கும். அந்த நாள் எது என்று கேட்டுக்கொண்டு, இன்றிரவே அண்ணனுக்குப் போன் செய்யுங்கள்.