பக்கத்து அலமாரியில் இருக்கும் படம்

கேள்வி: ‘அக்கா குருவி’ பார்த்த பிறகு அதன் மூலப் படமான ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தையும் தேடிப் பார்த்தேன். அந்த அண்ணன் தங்கையும் ஒற்றை ஜோடி ஷூவும் இரண்டு நாள் மனதை விட்டுப் போகவில்லை. இதுபோல இன்னும் பார்க்க ஆசை. இணையத்தில் தேடினால் ‘பார்த்தே தீர வேண்டிய நூறு உலகப் படங்கள்’ என்று பட்டியல் பட்டியலாக வருகிறது, தலை சுற்றுகிறது. எதில் தொடங்கலாம்? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பட்டியலை மூடி வையுங்கள். நான் 26 வருடம் நூலகராக வேலை பார்த்தவள். நல்ல வாசகர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று தினமும் பார்த்திருக்கிறேன். ஒரு புத்தகத்தைத் தேடி வருவார்கள்; அலமாரியில் அதற்குப் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து எடுத்துப் போவார்கள். அடுத்த வாரம் அதற்கும் பக்கத்தில் இருப்பது. படத்துக்கும் அதே வழிதான். பிடித்த படத்தை எடுத்தது யார், பணம் போட்டது யார், அவர்கள் வேறு என்ன எடுத்தார்கள் என்று பாருங்கள்.

உங்கள் படத்தின் டைட்டிலிலேயே நூல் முனை இருக்கிறது. அதைத் தயாரித்தது சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் என்று ஈரானில் நடக்கும் ஒரு நிறுவனம். சுருக்கமாகக் ‘கானூன்’ என்பார்கள். 1965-ல் தெஹ்ரானில் குழந்தைகளுக்கான நூலகங்களாகத் தொடங்கியது. இதைப் படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நூலகம் வைத்தவர்கள், குழந்தைகளுக்குப் புத்தகம் போட்டார்கள், அப்புறம் படமும் எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தத் திரைப்படப் பிரிவை வளர்த்தவர்களில் ஒருவர் அப்பாஸ் கியரோஸ்தமி. அவருடைய முதல் படம் ‘பிரெட் அண்ட் ஆலி’, 1970-ல் வந்தது, பத்து நிமிடம்தான். ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஒரு பையன். சந்தில் ஒரு நாய் நின்று அவனை விடமாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் படம். கதவு இடுக்கில் நின்று தெரு நாய்க்குப் பயந்த எந்தக் குழந்தைக்கும் அது தன் கதை. இன்று இரவே இதில் தொடங்குங்கள்.

அடுத்தது, அவரே 1987-ல் எடுத்த ‘வேர் இஸ் தி ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்’. இதைச் சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத்தின் சின்ன அரங்கில் அம்மாவோடு பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, சப்டைட்டில் படிக்க முடியாது. வகுப்புத் தோழனின் நோட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட அகமது, அதைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். மறுநாள் நோட்டில் எழுதி வராவிட்டால் அந்தத் தோழனைப் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவதாக வாத்தியார் சொல்லியிருக்கிறார். அகமதின் அம்மாவிடம் எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறுவதில்லை. முதலில் வீட்டுப்பாடத்தை முடி என்கிறாள், அடுத்த நிமிடமே குழந்தையின் தொட்டிலை ஆட்டு என்கிறாள். என் அம்மா அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “அந்தப் பிள்ளை சொல்றதக் கொஞ்சம் காது குடுத்துக் கேளேன்டி” என்றாள். யாரும் திரும்பி முறைக்கவில்லை. எல்லோருக்கும் அதே தவிப்பு.

அந்தப் படத்தில் ஒரு தாத்தா வருவார். கையில் சிகரெட் இருக்கும்போதே பேரனை வீட்டுக்கு ஓடிப்போய்ச் சிகரெட் எடுத்து வரச் சொல்வார், சொன்னதைக் கேட்கிற பழக்கம் வர வேண்டுமாம். இன்னொரு கிழவர், வாழ்நாளெல்லாம் மரக் கதவும் ஜன்னலும் செய்தவர். ஊரே இரும்புக் கதவுக்கு மாறிவிட்டது. இருட்டில் அகமதோடு மெல்ல நடந்து வந்து, தான் செய்த கதவுகளைக் காட்டிக்கொண்டே போவார். வழியில் ஒரு சின்னப் பூவைக் கொடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார். அந்தப் பூவை மறக்காமல் கவனித்து வையுங்கள். இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

படம் எடுத்த கோக்கர் கிராமம் வடக்கு ஈரானில் இருக்கிறது. 1990 ஜூனில் அந்தப் பகுதியை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். தன் படத்தில் நடித்த பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிக் கியரோஸ்தமி தன் மகனோடு காரில் போனார். அந்தப் பயணத்திலிருந்து பிறந்ததுதான் ‘அண்ட் லைஃப் கோஸ் ஆன்’ (1992). மூன்றாவதாக ‘த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்’ (1994). மூன்றையும் வரிசை மாற்றாமல் பாருங்கள்.

அதே கானூன் அலமாரியில் இன்னும் ஒன்று: பஹ்ராம் பெய்சாய் எடுத்த ‘பாஷு’. தெற்கில் போரில் குடும்பத்தை இழந்த சிறுவன் ஒரு லாரியில் ஒளிந்து வடக்கே வந்து சேர்கிறான். அவன் பேசுவது அரபி. அவனைச் சேர்த்துக்கொள்கிற நாயீ என்ற பெண் பேசுவது அந்த வடக்குப் பகுதி மொழியான கிலாக்கி. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஊர்ப் பிள்ளைகள் அவனை அடிக்கும்போது, கீழே கிடக்கும் பாடப்புத்தகத்தை எடுத்து, ஈரான் நம் நாடு, நாமெல்லாம் ஈரானின் பிள்ளைகள் என்று பள்ளிக்கூடப் பாரசீகத்தில் வாசிப்பான். சப்டைட்டிலில் மூன்று மொழியும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: இந்த மாதிரிப் படங்கள் மெதுவாகப் போகின்றன. அரை மணி நேரத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. “கதை எப்ப ஆரம்பிக்கும்?” என்று கணவர் கேட்கிறார். என்ன செய்ய? (கோவை வாசகி)

பதில்: ராத்திரி சமையற்கட்டை ஒழித்துவிட்டு உட்கார்ந்தால் யாருக்கும் தூக்கம் வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாருங்கள், போன் வேறு அறையில் இருக்கட்டும். நீளமும் குறைவாக இருக்கட்டும். கவிஞர் ஃபரூக் ஃபரோக்சாத் எடுத்த ‘தி ஹவுஸ் இஸ் பிளாக்’ சுமார் இருபது நிமிடம்தான். தொழுநோயாளிகள் குடியிருப்பு ஒன்றில் 1962-ல் எடுத்தது. அங்கே ஒரு வகுப்பறை. அழகான சில பொருள்களைச் சொல் என்கிறார் வாத்தியார். நிலா, சூரியன், பூ, விளையாட்டு என்கிறான் பையன். அசிங்கமானதைச் சொல் என்று இன்னொருவனைக் கேட்டால், கை, கால், தலை என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. இருபது வருடத்துக்கு முன் பார்த்தது, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஃபரோக்சாத் அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனைத் தத்தெடுத்து அழைத்துப் போனார். 1967-ல், 32 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார்.

இது பழகிய பிறகு, சொஹ்ராப் ஷாஹித் சாலெஸின் ‘ஸ்டில் லைஃப்’ (1974). ரயில்வே கேட் கீப்பராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்த கிழவருக்கு ஓய்வுக் கடிதம் வருகிறது. கேட்டை மூடுவார், திறப்பார். வீட்டில் மனைவி கம்பளம் நெய்வாள். இருவரும் டீ குடிப்பார்கள். மெதுவாகத்தான் போகும். அந்த வேலையே அப்படித்தானே? வீட்டைக் காலி செய்யும்போது சுவரில் கடைசியாக மிஞ்சியிருக்கும் கண்ணாடியை அவர் கழற்றுகிற இடம் வரும்வரை உங்கள் கணவரை எழுந்து போக விடாதீர்கள்.

கேள்வி: தொலைந்துபோன படம் திரும்பக் கிடைத்ததாகச் சொல்கிறார்களே, அப்படி ஒன்றைச் சொல்லுங்கள். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: முகமது ரெசா அஸ்லானி எடுத்த ‘செஸ் ஆஃப் தி விண்ட்’. 1976-ல் தெஹ்ரான் விழாவில் ஒருமுறை காட்டினார்கள், வரவேற்பு இல்லை. 1979 புரட்சிக்குப் பிறகு தடை. நெகட்டிவ் போனது போனதுதான் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2014-ல் தெஹ்ரானில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் அந்தப் பெட்டிகள் இயக்குநரின் குடும்பத்தார் கண்ணில் பட்டன. 2020-ல் செப்பனிட்டு வெளியிட்டார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு பழைய மாளிகை, சக்கர நாற்காலியில் அதன் வாரிசுப் பெண், சொத்துக்காகச் சுற்றி நிற்கும் ஆண்கள். நடுநடுவே நீரூற்றடியில் துணி துவைக்கும் பெண்கள் அந்த வீட்டு விவகாரத்தையெல்லாம் பேசித் தீர்ப்பார்கள்; எனக்கு அவர்கள்தான் உசத்தி. கடைசி ஷாட்டில் கேமரா மாளிகையை விட்டு எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.