புரட்டாசி இடிமழையில் முளைத்த நெல்: டானிக் காப்பாற்றுமா?

கேள்வி: திருவாடானைப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி. ஆவணிக் கடைசியில் புழுதியில் நெல்லைக் கையால் வீசி விதைத்தேன். புரட்டாசி பிறந்ததும் இரண்டு ராத்திரி இடியோடு நல்ல மழை. முளைத்த பயிர் இப்போது வெயிலில் சுருண்டு கருகுகிறது. கடைக்காரர் வேர் டானிக் அடிக்கச் சொல்கிறார். எதை வாங்கலாம் ஐயா?

பதில்: எதையும் வாங்காதீர்கள். ஈரமில்லாத மண்ணில் டானிக் அடித்தால் கடைக்காரருக்குத்தான் தெம்பு வரும். வயலில் பத்து இடத்தில் சதுர அடி அளவுக்குக் கிளறிப் பாருங்கள். பச்சைக் குருத்துள்ள பயிரும், அடியில் முளைக்காமல் கெட்டியாகக் கிடக்கும் விதையும் சேர்த்துப் பத்துக்கு மேல் தேறினால் விட்டுவிடுங்கள். குறைந்தால் மறுவிதைப்புதான். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் அண்ணா 4 நெல் ரகத்தைப் போடலாம், 100 முதல் 105 நாளில் வந்துவிடும்.

அந்த இரண்டு ராத்திரியும் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, பார்த்தீர்களா? கோடையில் வடமேற்கு இந்தியா காய்ந்து காற்றழுத்தம் இறங்கும். தெற்குக் கடலிலிருந்து கிளம்பும் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டியதும், பூமி சுழல்வதால் வலப்பக்கம் திரும்பித் தென்மேற்கிலிருந்து வரும். மலையேறிக் கேரளத்தில் கொட்டிவிட்டு, நம் பக்கம் வறண்ட மேல்காற்றாக, அதாவது மேற்குக் காற்றாக இறங்கும். உங்களுக்குப் பெய்தது அந்த மேல்காற்று நாளில், பகல் சூட்டில் எழும்பிய மேகம். பக்கத்து ஊரில் தூறல்கூட இருந்திருக்காது. அக்டோபரில் நிலம் ஆறிவிடும், வங்கக்கடல் சூடாகவே இருக்கும். தாழ்வழுத்தம் தெற்கே கடலுக்கு நகர, காற்று வடகிழக்கிலிருந்து கடல் ஈரத்தை வாரிக்கொண்டு வரும். சராசரியாக அக்டோபர் 20 வாக்கில். மேல்காற்று நின்று, வாடைக்காற்று தொடர்ந்து அடித்து, விடிகாலையிலும் மழை பெய்தால்தான் வடகிழக்குப் பருவமழை பிடித்தது என்று அர்த்தம்.

‘நல்ல மழை’ என்கிறீர்களே, எத்தனை மில்லிமீட்டர்? மழைமானி இல்லாமல் மானாவாரி செய்வது தராசில்லாமல் கடை வைத்த கதை. விலைக்கு வாங்கவே வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமாக, அடி தட்டையாக உள்ள டப்பா போதும். மர உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். ஆவியாகாமலிருக்க நாலு சொட்டு எண்ணெய். தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலை விட்டு அளந்து நோட்டில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் மேல்மண்ணை மட்டும் நனைத்து, மேலாகக் கிடக்கும் விதையை ஏமாற்றி முளைக்க வைக்கும். கைவிதைப்பில் பாதி விதை மேலேதான் கிடக்கும்.

மறுவிதைப்பென்றால் விதைப்பான் கருவியால் ஒன்றரை அங்குல ஆழத்தில் போடுங்கள். அதற்குமுன் லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கணக்கில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு வரும்வரை உலர்த்துங்கள். உரக்கடை மியூரேட் ஆஃப் பொட்டாஷ் இதுதான். அதைக் கேட்டால் இரண்டு டானிக் பாட்டிலையும் சேர்த்துத் தள்ளப் பார்ப்பார்கள், பில்லைச் சரிபாருங்கள்.